கரையை அறுக்கும் ஓடைக்குக் கல்லால் ஒரு கடிவாளம்
— சிவில் பிரிவு, மூன்றாம் ஆண்டு



ஏற்காடு போகாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏரியில் படகு விட்டு, போட்டோ எடுத்துத் திரும்பிவிடுவோம். ஆனால் 5,326 அடி உயரத்தில் உள்ள சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய் நின்று யோசித்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் ஒன்றாக இருக்கிறார்கள். அதாவது, மலையும் ஆறும் ஒரே இடத்தில்!

2025 மே மாதத் திருவிழாவுக்குப் பெரியப்பாவுடன் போயிருந்தேன். கும்பிட்டு வெளியே வந்தவர், கீழே தெரிந்த பள்ளத்தாக்கைக் காட்டி, "இங்க பேயற மழைதாண்டா நம்ம காட்டைக் கரைச்சுக்கிட்டுப் போவுது. நீயும் மூணு வருசமா சிவில் படிக்கறேன்னு சொல்ற, அதுக்கு ஒரு வழி சொல்ல மாட்டேங்கறயே" என்றார். அந்த ஒரு கேள்வியால் பிறந்ததுதான் இக்கட்டுரை.

எங்கள் ஓடையின் கதை

சேர்வராயன் மலை ஒரு தண்ணீர்த் தொட்டி. திருமணிமுத்தாறும் சரபங்காவும் இங்கே பிறந்து காவிரிக்குப் போகின்றன. வாணியாறு மறுபக்கம் இறங்கித் தென்பெண்ணைக்குப் போகிறது. இவற்றுக்கு நீர் கொண்டு போகும் ஓடைகள் எத்தனையோ. மலையடிவாரத்தில் உள்ள எங்கள் காட்டை ஒட்டியும் அப்படி ஓர் ஓடை வளைந்து போகிறது. அகலம் சுமார் 12 மீட்டர். எங்கள் காடு வளைவின் வெளிப்பக்கத்தில் உள்ளது. எதிர்க்கரையில் ஒரு தாத்தாவின் மஞ்சள் காடு.

2021 நவம்பர் மழையில் எங்கள் கரை ஆறடி உள்ளே போயிற்று. மறு வருடம் கடன் வாங்கி, கரை ஓரமாக 35 மீட்டர் நீளத்துக்குக் கல் சுவர் கட்டினோம். அஸ்திவாரம் ஒன்றரை அடி. "கல்லுச் சுவரு, இனிமே கவலையில்லீங்க" என்றார் கட்டிக் கொடுத்தவர். 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்தது. எங்கள் சுவர் வெள்ளத்தில் அசையவில்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில்தான் படுத்துவிட்டது! கூடவே ஆறு தென்னையும் போயின.

வெள்ளம் ஓடும்போது நின்ற சுவர், வடிந்த பிறகு ஏன் விழ வேண்டும்?

ஒரு டம்ளர் டீயில் பாடம்

கேன்டீனில் தூள் வடிகட்டாத டீ ஒரு டம்ளர் வாங்கிக் கரண்டியால் சுற்றிவிட்டுப் பாருங்கள். சுழலும்போது கனமான தூள் ஓரத்துக்குத்தானே ஒதுங்க வேண்டும்? அதுதான் இல்லை. அடியில் நடுமையத்தில் வந்து கூடும். இதற்கும் ஆறு வளைவதற்கும் காரணம் ஒன்றே என்று 1926-ல் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்!

மேல் தண்ணீர் வேகமாகச் சுழல்வதால் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. அடித் தண்ணீர் தரையில் உராய்ந்து வேகம் குறைந்து, மையத்தை நோக்கி வருகிறது. ஓடை வளைவிலும் இதே கதைதான். மேல் நீர் வெளிக்கரையில் மோதிக் கீழே இறங்கி, கரையின் காலடி மண்ணைத் தோண்டி, அதை அடி வழியாக உள்கரைக்குக் கொண்டு போய்க் குவிக்கிறது. ஆகவே வெளிக்கரையில் மடு, உள்கரையில் மணல்மேடு.

வெள்ளம் இருக்கும் வரை காலடி போன கரையைத் தண்ணீரே ஒரு பக்கம் தாங்கிக் கொள்கிறது. தண்ணீர் சட்டென்று வடிந்ததும் தாங்கல் போய்விடுகிறது. ஈரம் ஏறிய மண்ணோ கனத்துக் கிடக்கிறது. அப்புறம் என்ன, சரிவுதான். நாம் கரையின் முகத்துக்குக் கல் பதித்தோம். நோய் இருந்ததோ காலில்!

கணக்குப் போட்டுப் பார்த்தால்

இடிந்த பிறகு புத்தியோடு நான் போட்ட கணக்கு இது. வெள்ளம் நின்ற அடையாளம் மரத்தில் இருந்தது: ஆழம் 1.2 மீட்டர். அகலம் 12. ஆகவே பரப்பு 14.4 சதுர மீட்டர். நனைந்த சுற்றளவும் 14.4 மீட்டர். எனவே நீரியல் ஆரம் சரியாக 1. லெவல் எடுத்ததில் சரிவு 80-க்கு 1. கல்லும் முள்ளுமான ஓடை என்பதால் மேனிங் எண் 0.040. வேகம் நொடிக்கு 2.8 மீட்டர். வெள்ள அளவு நொடிக்கு 40 கன மீட்டர்.

இனி லேசி சூத்திரம். வெள்ள அளவை மண் காரணியால் வகுத்து, கனமூலம் எடுத்து, 0.473-ஆல் பெருக்க வேண்டும். எங்கள் ஓடையில் அடிமண் 2 மில்லிமீட்டர் பருமணல், காரணி 2.49. விடை 1.19 மீட்டர். கடும் வளைவுக்கு 1.75 மடங்கு. ஆக வெள்ள மட்டத்திலிருந்து 2.09 மீட்டர் வரை அரிப்பு இறங்கலாம். நீர் ஆழம் 1.2-ஐக் கழித்தால் தரைக்குக் கீழே சுமார் 0.9 மீட்டர், அதாவது மூன்றடி. எங்கள் அஸ்திவாரம் ஒன்றரை அடி!

லேசி சூத்திரம் வண்டல் ஆறுகளுக்கானது. மலையடிவார ஓடைக்கு இது தோராயம்தான். ஆனாலும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சூத்திரம் ஆறு தென்னை மரத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று அன்றுதான் உறைத்தது.

கல்லை ஓடைக்குள்ளேயே வைத்தால்?

கரையைக் கவசம் போட்டுக் காப்பது ஒரு வழி. தண்ணீரின் போக்கையே கரையிலிருந்து விலக்கி விடுவது மற்றொரு வழி. இதை நதிப் பயிற்சி என்பார்கள். 1903-ல் இதைப் பற்றி நூல் எழுதிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பிறகு சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைவரானார். அவர் காலத்தில் அங்கே கிளார்க்காக இருந்தவர்தான் கணித மேதை இராமானுஜன். ஆற்றுக்குள் கல்லைப் போட்டு ஆற்றை ஆள்வது நமக்குப் புதிதும் அல்ல. மணல் ஆற்றில் கல்லைப் புதைத்து எழுப்பிய கல்லணையைப் பார்த்து ஆங்கிலேயப் பொறியாளர்களே பாடம் கற்றார்கள்.

கடற்கரையில் 'தூண்டில் வளைவு' பார்த்திருப்பீர்கள். ஓடைக்கும் அதுபோல் ஒன்று உண்டு. கரையிலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து, சாய்வாக நீட்டப்படும் தாழ்வான கல் வரிசை. 'ராக் வேன்' என்பர். அமெரிக்காவின் டேவ் ராஸ்ஜென் இவ்வகை அமைப்புகளைப் பிரபலப்படுத்தினார். நுனியைத் தூண்டில் போல் வளைத்தால் அது 'ஜே ஹுக்'.

இதன் இரகசியம் ஒரே வரி: தடுப்பின் மேல் வழியும் தண்ணீர், தடுப்பின் உச்சிக் கோட்டுக்குச் செங்குத்தாக விழும். ஹைட்ராலிக்ஸ் லேபில் வாய்க்காலில் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். கல் வரிசை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் வழியும் நீர் நடு ஓடைக்குத் திரும்பும். கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் நேரே நம் கரையிலேயே வந்து மோதும்.

எங்கள் மேஸ்திரி கடைசி வரை ஒப்பவில்லை. "தண்ணி போற பக்கமாத்தான தம்பி சாய்க்கணும்? எதுத்து வெச்சா அடிச்சுக்கிட்டுப் போயிராதா?" என்றார். வாய்ப்பேச்சில் ஜெயிக்க முடியாது என்று, வாய்க்கால் மடையில் செங்கல்லைச் சாய்த்து வைத்து, மரத்தூளை மிதக்க விட்டுக் காட்டினேன். தூள் நடுவுக்கு ஓடியது. "அட!" என்றார்.

எதிர்க்கரைத் தாத்தாவின் கேள்வி

அனுமதி கேட்டு ஊராட்சியிலும் நீர்வளத் துறையிலும் மனு கொடுத்திருந்தோம். ஓடை நம் பட்டா அல்ல, புறம்போக்கு. அதில் ஒரு கல் வைப்பதானாலும் அனுமதி வேண்டும் என்பதை மறவாதீர்கள். விஷயம் தெரிந்து எதிர்க்கரைத் தாத்தா வந்துவிட்டார்.

"ஏங் கண்ணு, உங்க காட்டைக் காப்பாத்திக்கறேன்னு தண்ணிய எம்பக்கம் திருப்பி உடப் போறீங்களா?"

நான் முதலில் வரைந்த படத்தில் கரைக்குச் செங்குத்தாக ஓடையின் பாதி அகலம் வரை ஒரு தடுப்பு இருந்தது. அதைக் கட்டியிருந்தால் அவர் சொன்னதுதான் நடந்திருக்கும். வெட்கத்தோடு படத்தை மாற்றினேன். தடுப்பு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. பிறகு அவர் கரையில் ஐந்து இரும்பு முளைகளை அடித்து, ஒவ்வொன்றுக்கும் கரை விளிம்புக்கும் உள்ள தூரத்தை அவர் முன்னாலேயே அளந்து எழுதிக் கொடுத்தேன். "ஒரு சாண் குறைஞ்சாலும் நாங்களே கல்லை எடுத்துடறோம் தாத்தா" என்றார் பெரியப்பா. அதன் பிறகே அவர் தலையாட்டினார்.

செய்முறை

1. கோணம்: கரையோடு 20 முதல் 30 டிகிரி, மேல்நோக்கி. நாங்கள் எடுத்தது 25. ஓடைக்குள் 4 மீட்டர் நீட்ட, கல் வரிசையின் நீளம் ஏறத்தாழ 9.5 மீட்டர் ஆயிற்று.

2. உச்சிச் சரிவு: கரைப் பக்கம் உயரம், நுனி தரையோடு தரை. சரிவு 2 முதல் 7 சதவீதம். எங்கள் ஓடையில் வருடா வருடம் வரும் வெள்ளத்தின் மட்டம் 0.65 மீட்டர், கரைமுனையை அந்த உயரத்தில் வைத்தோம். பெருவெள்ளம் தடுப்பின் மேலேயே போய்விடும். இது அணை அல்ல, வழிகாட்டி.

3. கல்லின் அளவு: இஸ்பாஷ் சூத்திரப்படி நொடிக்கு 3 மீட்டர் வேகத்துக்கு 0.37 மீட்டர் கல், எடை சுமார் 70 கிலோ. வேகம் 4 ஆனால் 0.65 மீட்டர், சுமார் 390 கிலோ! வேகம் இரு மடங்கானால் கல்லின் எடை 64 மடங்கு வேண்டும். எனவே கல்லில் கஞ்சத்தனம் கூடாது. நாங்கள் இரண்டடிக் கல், சுமார் 300 கிலோ, பயன்படுத்தினோம். கிணறு வெட்டியபோது வெடித்து எடுத்துக் குவித்த கருங்கல் வயலோரம் கிடந்தது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை கனமும் உறுதியும் உள்ளது. தண்ணீரைப் போல் 2.7 மடங்கு கனம். மலை உச்சியில் கிடைக்கும் பொறைப் பொறையான பாக்சைட், செம்பாறை வகைகள் இதற்கு உதவா.

4. அடிக்கல்: கண்ணுக்குத் தெரியும் கல்லைவிடத் தெரியாத கல்லே முக்கியம். மூன்றடி அரிப்பு என்று கணக்கு சொன்னதால், தரைக்குக் கீழே நான்கடி வரை இரண்டு வரிசை அடிக்கல் வைத்து, அதன் மேல் உச்சிக்கல் வைத்தோம். மேல் கல் சற்று மேல்நோக்கித் தள்ளி உட்கார வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் அடிக்கல் மேல் விழும், மண் மேல் விழாது.

5. கரைச் செருகல்: கரைக்குள் 2 மீட்டராவது கல் வரிசையைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தடுப்புக்கும் கரைக்கும் நடுவே புதுவழி கண்டுபிடித்துவிடும்.

6. இடுக்கு அடைப்பு: இடிந்த சுவரின் சிறு கற்களை மேல்பக்க இடுக்குகளில் திணித்தோம். சிமெண்ட் தேவையில்லை. கல் ஒன்றிரண்டு அசைந்தாலும் மறுபடி உட்கார்ந்து கொள்ளும்.

7. பச்சை: கரையைச் சரித்துவிட்டு வெட்டிவேரும் நொச்சியும் புங்கனும் நட்டோம். கல் தண்ணீரை விலக்கும். மண்ணைப் பிடிப்பது வேர்தான்.

இவ்விதம் 2025 ஜூனில் மூன்று தடுப்புகள் அமைத்தோம். முதல் தடுப்பு, நீரோட்டம் கரையைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே.

பலன் என்ன?

2025 வடகிழக்குப் பருவமழையில் அதிகபட்சம் 0.7 மீட்டர் தண்ணீர் வந்தது. முதல் இரண்டு தடுப்புகளுக்கு இடையே கரையோரம் சுமார் 25 சென்டிமீட்டர் வண்டல் படிந்தது. மடு இப்போது நடு ஓடையில். மூன்றாவது தடுப்பின் நுனிக்கல் மட்டும் உருண்டுவிட்டது. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: அன்று ஜேசிபி வாடகை நேரம் முடியப் போகிறது என்று அந்த ஒரு கல்லுக்கு மட்டும் அடிக்கல் வைக்காமல் விட்டேன். மற்ற எல்லாக் கல்லையும் விட்டுவிட்டு ஆறு சரியாக அதையே கண்டுபிடித்தது! இந்தக் கோடையில் அதைத் திருத்த வேண்டும்.

2024-ஐப் போன்ற வெள்ளத்தை இது இன்னும் பார்க்கவில்லை. ஆகவே வெற்றி என்று மார் தட்ட மாட்டேன். இம்முறை எல்லா இடத்துக்கும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். அடியில் பாறை இருந்து அடிக்கல் புதைக்க இடமில்லாத ஓடை, மணல் அள்ளி ஆண்டுதோறும் தரை தாழ்ந்துகொண்டே போகும் ஆறு, மிக உயரமாகச் செங்குத்தாக நிற்கும் கரை — இவற்றில் முதலில் வேறு வைத்தியம் தேவை.

முடிவாக...

மழை விட்ட பிறகு ஒரு காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனேன். தாத்தா எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். ஐந்து முளைகளையும் அளந்தோம். நான்கில் மாற்றமில்லை. ஐந்தாவதில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. அவரோ சிரித்துவிட்டு, "அது எங்க எருமை எறங்கற தடம் கண்ணு" என்றார்.

நண்பர்களே! டிப்ளமோ முடித்து நாளை நாம் சைட்டுக்குப் போகப் போகிறோம். அங்கே நம் கையில் லெவலும் டேப்பும் இருக்கும். ஒரு கரைக்குக் கல் வைக்கும்போது எதிர்க்கரையிலும் போய் நின்று பாருங்கள். அஸ்திவாரக் குழியில் இறங்கி ஆழத்தை நீங்களே அளந்து பாருங்கள். தெரியாத இடத்தில் வைத்த கல்தான் தெரியும் இடத்தில் உள்ள கல்லைக் காக்கிறது.