பிள்ளையைச் சுமக்கும் பெல்ட்: வாங்குமுன் மாட்டிப் பாருங்கள்!

"டாக்டர், மருமக பிள்ளையை நெஞ்சோட சேர்த்து பெல்ட் போட்டு மாட்டிக்கிட்டுப் போறா. இப்படிக் காலை விரிச்சு வச்சா கால் வளைஞ்சு போயிடாதா?" பேபி கேரியர் வந்தாலும் வந்தது, மாமியார்கள் இந்தக் கேள்வியைக் கேட்காத வாரம் இல்லை.

வளையாது அம்மா! நீங்கள் உங்கள் பிள்ளையை இடுப்பில் எப்படி வைத்துக்கொண்டு திரிந்தீர்கள்? ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. அதே மாதிரிதான் இதுவும். பிறந்த குழந்தைக்குக் கால் லேசாக வளைந்துதான் இருக்கும். வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கால் அல்லவா! இரண்டு வயது வாக்கில் தானாக நேராகிவிடும். அதற்கு மேலும் வளைவு கூடிக்கொண்டே போனால் வைட்டமின் டி குறைவா என்று டாக்டரிடம் காட்டுங்கள். பெல்ட்டின் மேல் பழி போடாதீர்கள்.

பால வாகடத்தில் பக்கிளைப் பற்றி ஒன்றும் இல்லை! ஆனால் இடுப்பு மூட்டு அன்றும் இன்றும் ஒன்றுதான். தொடை எலும்பின் தலை ஒரு பந்து. அது உட்காரும் இடம் ஒரு கிண்ணம். பிறந்த குழந்தைக்கு அந்தக் கிண்ணத்தின் விளிம்பு இன்னும் முற்றாத குருத்தெலும்பு. முதல் ஆறு மாதத்தில் கால்களை நேராக நீட்டிச் சேர்த்து இறுக்கிக் கட்டினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவ வாய்ப்பு உண்டு. பிள்ளையைப் பலகைத் தொட்டிலில் காலை நீட்டிக் கட்டி வைத்த அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரிடம் இந்த மூட்டு விலகல் அதிகமாக இருந்தது. முதுகில் காலை விரித்துச் சுமக்கும் ஆப்பிரிக்கத் தாய்மார்களின் பிள்ளைகளிடம் அது அபூர்வம்.

ஆகவே கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மாட்டியதும் கண்ணாடி முன் நின்று பாருங்கள். பிள்ளையின் பின்பாகம் தாழ்ந்து, முட்டி இரண்டும் அதைவிடக் கொஞ்சம் உயர்ந்து, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். உட்காரும் துணி ஒரு முட்டியின் மடிப்பிலிருந்து மறு முட்டியின் மடிப்பு வரை தாங்க வேண்டும். துணி குறுகலாக இருந்தால் கால் தொங்கும், பாரமெல்லாம் கவட்டில் இறங்கும். பிள்ளை சிணுங்கும், நீங்கள் பசி என்று நினைப்பீர்கள்.

காலைவிட முக்கியம் மூச்சு. கைக்குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தாடை நெஞ்சில் மடிந்தால் மூச்சுக்குழல் அடைபடும். அழக்கூடச் சத்தம் வராது! தோளில் பைபோலத் தொங்கும் ஸ்லிங் வகைகளில் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததால், 4 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் எச்சரித்தது. பக்கிள் வகைக்கும் அதே கவனம் வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கும் உயரத்தில் பிள்ளை இருக்க வேண்டும். முகம் எப்போதும் உங்கள் கண்ணில் படட்டும். வெயில் என்று முந்தானையால் மூடிவிடாதீர்கள். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே வேண்டாம்.

பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதம் என்பார்கள். கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் பருவம். அதுவரை முகம் உங்கள் பக்கமே இருக்கட்டும். அதன் பிறகு வேடிக்கை பார்க்க வெளிப்பக்கம் திருப்பலாம், அதுவும் கொஞ்ச நேரம்தான். தூங்கிவிட்டால் உடனே உள்பக்கம் திருப்பிவிடுங்கள். முதுகில் சுமப்பது, பிள்ளை பிடிமானம் இல்லாமல் தானாக உட்காரப் பழகிய பிறகுதான்.

இனி, சுமக்கிறவர் விஷயம். பிரசவத்துக்குப் பின் இடுப்பில் வாதம் ஏறி நிற்கும் காலம் என்பது சித்த மருத்துவக் கணக்கு. ஒரு வயதில் 9 கிலோ, இரண்டு வயதில் 12 கிலோ என்று பாரமும் ஏறிக்கொண்டே போகும். தோள் மட்டும் அதைத் தாங்குமா? தண்ணீர்க்குடம் வைப்பீர்களே, அந்த இடுப்பெலும்பின் மேல் பெல்ட் உட்கார வேண்டும். முதலில் அதை இறுக்குங்கள். பிறகு பிள்ளை, அதன் பிறகு தோள்பட்டை. பத்து நிமிடத்தில் தோள் வலித்தால் இடுப்பு பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒல்லியான பெண்களுக்குச் சில பெல்ட் கடைசி வரை இழுத்தாலும் இறுகாது. அது எத்தனை விலை கொடுத்ததாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. சிசேரியன் ஆனவர்கள் தழும்பு ஆறி, டாக்டர் சரி சொன்ன பிறகு போட்டால் போதும். வீட்டுக்காரரும் போடுவார் என்றால் அவர் அளவுக்கும் நீட்டிப் பாருங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அளவு மாற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள்!

நடை பழகிய பிள்ளைக்குப் பெரிய அளவு வேண்டும். சின்னதில் முதுகுத் துணி பாதியில் நின்றுவிடும், பிள்ளை பின்னால் சாய்ந்தால் ஆபத்து. எத்தனை கிலோ வரை தாங்கும் என்று சீட்டில் போட்டிருப்பான், படியுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குத் தடித்த பஞ்சு மெத்தை வேண்டாம். மெல்லிய பருத்தி அல்லது வலைத்துணி போதும். உங்கள் உடம்புச் சூடும் பிள்ளைக்கு ஏறும் என்பதால் ஒரு சட்டையைக் குறைத்துப் போடுங்கள். எண்ணெய் தேய்த்த உடம்போடு உட்கார வைக்காதீர்கள், வழுக்கும். மாட்டிக்கொண்டு அடுப்படியில் தாளிக்கவும் நிற்காதீர்கள்.

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கேரியரில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறார்களே, அது தவறு. இது நடப்பதற்கான பொருள். விழுந்தால் உங்கள் பாரம் முழுவதும் பிள்ளை மேல்! இரு சக்கர வாகனத்தில் 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு, ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்தப் பட்டை வேறு, இந்தக் கேரியர் வேறு. கைக்குழந்தையோடு போகும்போது பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள். காரிலும் கேரியரை நம்பாதீர்கள், குழந்தைக்கான சீட் தனி.

அக்கா வீட்டில் கழித்துக் கொடுத்தது என்றால் தையலை ஒவ்வொரு அங்குலமாகப் பாருங்கள். பக்கிள் 'டக்' என்று பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு ஒரு தடவை பலமாக இழுத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் ஒட்டுப்போட்டு உபயோகிக்காதீர்கள், தூக்கி எறிந்துவிடுங்கள்.