மூன்று பேர் கையெழுத்து போட்ட தாள்



குழு ஆரம்பித்த அன்று விதிமுறை எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டோம், ஞாபகம் இருக்கா? "இந்தத் தாளால என்ன ஆகப்போகுது?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் ஒரு ஊரே அப்படி ஒரு தாளில்தான் தொடங்கியது.

எங்கே இருக்கிறது?

தெற்கு அட்லாண்டிக் கடலின் நடுவே டிரிஸ்டன் டா குன்யா என்ற சின்னத் தீவு. நடுவில் 2,062 மீட்டர் உயர எரிமலை. மக்கள் தொகை 250க்கும் குறைவு. இருப்பது ஒரே ஊர். விமான நிலையம் கிடையாது. சுமார் 2,800 கிலோமீட்டர் தள்ளி உள்ள தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து கப்பலில் வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். உருளைக்கிழங்கு, ஆடு மாடு, சிங்கி இறால் - இவைதான் பிழைப்பு.

எப்படித் தொடங்கியது?

1816ல் பிரிட்டிஷ் ராணுவம் இங்கே முகாம் போட்டது. அடுத்த வருடமே கிளம்பியது. வில்லியம் கிளாஸ் என்ற வீரர் மட்டும் மனைவி, குழந்தைகளோடு தங்கிவிட்டார். 1817ல் அவரும் இரண்டு கூட்டாளிகளும் ஒப்பந்தம் எழுதினார்கள். பொருள் எல்லாருக்கும் சமம், லாபம் சமம், செலவும் சமம். ஒருவருக்கு மேல் ஒருவர் பெரியவர் இல்லை. 1827ல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து ஐந்து பெண்கள் வந்து சேர்ந்த பிறகு குடும்பங்கள் பெருகின.

வந்த சோதனைகள்

1885ல் ஒரு கப்பலைச் சந்திக்கப் படகில் போன 15 ஆண்கள் திரும்பி வரவே இல்லை. பல வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும்தான் மிஞ்சினார்கள். சில குடும்பங்கள் வெளியேறின. மற்றவர்கள் விடாமல் நின்றார்கள்.

1961ல் எரிமலை வெடித்தது. இறால் தொழிற்சாலை நெருப்புக் குழம்பில் புதைந்தது. மக்கள் அத்தனை பேரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கூலி வேலை, கடை, மின்சாரம் எல்லாம் இருந்தது. ஆனாலும் 1962ல் ஓட்டெடுப்பு நடந்தபோது, திரும்பிப் போகலாம் என்றவர்கள் 148 பேர். வேண்டாம் என்றவர்கள் 5 பேர் மட்டுமே. 1963ல் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள்.

இன்றைக்கு

நிலம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை, ஊருக்குப் பொது. ஒரு குடும்பம் இத்தனை மாடு, இத்தனை ஆடுதான் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு உண்டு. மேய்ச்சல் நிலமும் அழியாது, ஒருவரே பெரிய ஆளாகவும் முடியாது. தேர்ந்தெடுக்கப்படும் 8 சபை உறுப்பினர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

தாள் தானாக ஊரைக் காப்பாற்றாது. அதில் எழுதியதை விடாமல் கடைப்பிடிக்கிறவர்கள்தான் காப்பாற்றுவார்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் விதிமுறையைக் கடைசியாக எப்போது எல்லாருக்கும் வாசித்துக் காட்டினோம்?
2. கடன் ஒரு சிலருக்கே திரும்பத் திரும்பப் போகிறதா?
3. முக்கிய முடிவுகளைத் தலைவி மட்டும் எடுக்கிறாரா, எல்லாரையும் கேட்கிறோமா?