சங்கிலியா, வடமா?

திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் எஃகுச் சுருள்களைக் கிரேன் தூக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? கொக்கியைத் தாங்கும் கயிறு ஒரே தடித்த கம்பி அன்று. மெல்லிய கம்பிகள் பலவற்றை முறுக்கிப் புரிகளாக்கி, அப்புரிகளையும் சேர்த்து முறுக்கிய வடம் அது.

ஏன் இப்படி? ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் ஒரு காலத்தில் இரும்புச் சங்கிலிகள் சுமை தூக்கின. ஒரு கண்ணி அறுந்தால் சுமை முழுவதும் விழும். 1834-ல் சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட் கம்பி வடத்தைப் பயனுக்குக் கொண்டுவந்தார். வடத்தில் ஒரு கம்பி அறுந்தால் அதன் சுமையை அண்டைக் கம்பிகள் ஏற்கின்றன. கம்பிகளுக்கிடையே உள்ள உராய்வினால், அறுந்த கம்பியும் சற்றுத் தள்ளி மீண்டும் தன் பங்கைத் தாங்குகிறது!

இனி, நம் வகுப்பறைக்கு வருவோம். காலாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்ற மாணவன் ஒருவன், "எனக்குப் படிப்பே வராது" என்று வேலைக்குப் போக எண்ணுகிறான். ஒரு கண்ணி அறுந்ததும் முழுச் சுமையும் விழுகிறது. தோல்விக்குப் பின்னும் படிப்பைத் தொடரும் ஆற்றலை 'மீள்திறன்' என்பர். அது வளர்க்கக் கூடியது. வளர்க்கும் வழிகளுள் ஒன்று குழு ஆலோசனை.

1905-ல் பாஸ்டன் நகர மருத்துவர் ஜோசப் பிராட், ஏழைக் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றாகக் கூட்டி நோயைப் பற்றிக் கற்பித்தார். ஒருவர் தேறுவதைக் கண்டு மற்றவர் ஊக்கம் பெற்றனர். குழுவாகக் கூடிப் பேசும் முறை பின்னர் பள்ளிகளுக்கும் வந்தது.

எப்படி நடக்கிறது?

எட்டு அல்லது பத்து மாணவர்கள், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர், வாரம் ஒருமுறை கூடுகிறார்கள். இங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது முதல் விதி. ஒருவர் தம் தோல்வியைச் சொல்ல, "எனக்கும் அப்படித்தான்" என்று இன்னொருவர் சொல்லும்போதே தனிமை குறைகிறது. அடுத்து, எங்கே அறுந்தது என்று தேடுகிறார்கள். இயற்கணிதம் புரியவில்லையா? நேரம் போதவில்லையா? வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லையா? காரணம் தெளிந்தால் செய்ய வேண்டியதும் தெளியும். "தினம் ஐந்து கணக்கு" என்று ஒருவர் ஏற்றால், அடுத்த வாரம் குழு அதைக் கேட்கும். கணக்கில் தோற்றவரே வேறொருவருக்கு அறிவியல் சொல்லித் தருவார். அறுந்த கம்பி மீண்டும் சுமை தாங்குகிறது அல்லவா?

வடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பல கம்பிகள் அறுந்த வடத்தில் சுமை ஏற்ற மாட்டார்கள். உறக்கமின்மை, வாழ்வில் வெறுப்பு என்று துன்பம் மிகுந்தால் குழு மட்டும் போதாது. உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தவறியவர் ஓராண்டு காத்திராமல் துணைத்தேர்வு எழுதலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்து பாருங்கள்

பன்னிரண்டு நூல்களைச் சேர்த்து இறுக முறுக்குங்கள். நடுவில் ஒரு நூலை மட்டும் வெட்டி, வெட்டிய முனையை இழுங்கள். எளிதில் வராது. முறுக்கைப் பிரித்துவிட்டு இழுங்கள். வேறுபாடு ஏன்? நண்பர்களுடன் விவாதியுங்கள்.