லூமனை விடு, ரிஃப்ளெக்டரைப் பார்

அன்புள்ள தம்பி,

ஐந்நூறு ரூபாய்க்குள் இருப்பதிலேயே பிரகாசமான டார்ச் எது என்று கேட்டிருக்கிறாய். மூணாறு கடைத்தெருவில் ஒரு டார்ச்சின் அட்டையில் 20,000 லூமன் என்று அச்சடித்திருந்ததாகவும், அதை வாங்கலாமா என்றும் எழுதியிருக்கிறாய். அந்த எண்ணைப் படித்ததிலிருந்து எனக்குக் கோபம் ஆறவில்லை. இயற்பியல் படிக்கிற பிள்ளை நீ. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டாமா?

அந்த டார்ச்சுக்குள் இருப்பது ஒற்றை 18650 லித்தியம் செல். 3000 மில்லி ஆம்பியர்-மணி உள்ள நல்ல செல் என்றால் அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 11 வாட்-மணி. எல்.இ.டி ஒரு வாட்டுக்கு நூறு லூமன் தருவதாக வைத்துக்கொள். 20,000 லூமனுக்கு 200 வாட் வேண்டும். மூன்று நிமிடத்தில் செல் காலியாகும். அதற்கு முன்பே டார்ச் கையில் பிடிக்க முடியாதபடி கொதிக்கும். அந்தச் செல்லால் நேர்மையாகத் தர முடிந்தது ஆயிரம் லூமன், ஒரு மணி நேரம். செல்லின் மேலுறையில் 9900 என்று எழுதியிருந்தால் அதுவும் பொய்தான். இந்த அளவுச் செல்லில் நல்ல தயாரிப்புகளே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன.

உனக்கு வேண்டியது லூமனே இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. லூமன் என்பது எல்லாத் திசையிலும் சிதறும் மொத்த ஒளி. தேயிலைக்காட்டு வளைவில் யானை நிற்கிறதா என்று பார்க்க, ஒரே திசையில் குவிந்த ஒளி வேண்டும். அதன் அளவு கேண்டெலா. டார்ச் அட்டைகளில் 'தூரம் 200 மீட்டர்' என்று போடுகிறார்களே, அது 2009இல் வந்த ஓர் அமெரிக்கத் தர அளவைச் சார்ந்தது. கால் லக்ஸ் வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே தூரம் முடிகிறது. கால் லக்ஸ் என்றால் பௌர்ணமி நிலவொளி. 200 மீட்டருக்கு 10,000 கேண்டெலா போதும். 400 மீட்டர் வேண்டுமென்றால் 40,000 வேண்டும். நிலவொளியில் யானையின் கறுத்த தோல் தேயிலைப் புதரோடு கலந்துவிடும். ஆகவே அட்டையில் உள்ள தூரத்தில் பாதியை மட்டும் நம்பு.

கேண்டெலா எங்கிருந்து வருகிறது? இங்கேதான் ஃப்ரெனெலைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. பிரான்சின் ஜிரோந்து நதிமுகத்தில் கோர்துவான் கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1823இல் அகுஸ்தான் ஃப்ரெனெல் தன் கண்ணாடி வில்லையை அங்கே பொருத்தினார். உள்ளே எரிந்தது எண்ணெய் விளக்கு, அவ்வளவுதான். வீணாகச் சிதறிய ஒளியை வளைய வளையமாக அடுக்கிய கண்ணாடிகள் பிடித்துக் கடல்பக்கம் திருப்பின. முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் மாலுமிகள் அதைப் பார்த்தார்கள். நான்கு ஆண்டுகளில், 39 வயதில், காசநோயால் அவர் இறந்துபோனார். கலங்கரை விளக்கங்களைப் பற்றி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் முதலில் ஃப்ரெனெலின் பக்கத்தைத்தான் தேடுவேன். ஒளியைக் கூட்டாமலேயே ஒளியைக் கூட்டலாம் என்று அவரைப் போலக் காட்டியவர் வேறு யாருமில்லை.

உன் டார்ச்சில் அந்த வேலையை ரிஃப்ளெக்டர் என்ற கிண்ணம் செய்கிறது. ஒரே எல்.இ.டி.க்கு, ரிஃப்ளெக்டரின் விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, கேண்டெலாவும் நான்கு மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. இதற்குப் பேட்டரி ஒரு சொட்டுக்கூட அதிகம் செலவாகாது. அதனால்தான் மூன்று எல்.இ.டி பதித்த டார்ச்சை வாங்காதே என்கிறேன். ஒரே வட்டத்துக்குள் மூன்று சிறு கிண்ணங்களைத் திணித்தால், தூரத்தில் விழும் செறிவு ஒற்றைப் பெரிய கிண்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். செலவாவதோ மூன்று மடங்கு மின்சாரம். பார்ப்பதற்கு ஜொலிக்கும், அவ்வளவுதான். ரிஃப்ளெக்டர் ஆழமாக, வழவழப்பாக, பெரிதாக இருக்கட்டும். நடுவில் ஒரே ஒரு சின்ன எல்.இ.டி.

இங்கே கொழிஞ்சாம்பாறையில் வெட்டவெளி. பனைமரம் தாண்டி அடுத்த வயல்வரை ஒளி தடையில்லாமல் ஓடும். சின்னக்கானல் பக்கம் உனக்கு மூடுபனி. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், கேட்காதே. பனித்துளி ஒளியலையைவிட மிகப் பெரியது. எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கும். பனி வெள்ளையாகத் தெரிவதே அதனால்தான். கண்ணுக்குப் பக்கத்தில் விளக்கு இருந்தால் சிதறிய ஒளி நேராகக் கண்ணுக்கே திரும்பும். தலையில் மாட்டும் விளக்கு பனியில் உதவாததும் அதனால்தான். டார்ச்சை இடுப்புக்குக் கீழே, உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடி, பாதை தெரியும்.

2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்துக் கொண்டுபோனபின் பயமில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆனையிறங்கல் பக்கம் யானைகள் அவனோடு முடிந்துவிடவில்லை. டார்ச் தூரத்திலேயே பார்த்து ஒதுங்குவதற்கு மட்டும். யானையின் முகத்தில் அடித்து விரட்டப் பார்க்காதே. கண்டதும் வெளிச்சத்தைத் தாழ்த்தி, வந்த வழியே பின்வாங்கு.

கடைக்குப் போகும்போது இன்னொன்று செய். செல்லைக் கழற்றித் தராசில் வைக்கச் சொல். ஒழுங்கான 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். அதைவிட வெகுவாகக் குறைந்தால் உள்ளே பொருள் இல்லை. செல்லைத் தனியாகப் பையில் சாவிக்கொத்தோடு போடாதே, தீப்பிடிக்கும். கழற்றிக் காட்ட மறுக்கிற கடையில் வாங்காதே. அடுத்த கடைக்குப் போ.

அன்புடன்,
உன் ஆசிரியர்