நிச்சயதார்த்த மோதிரம்: எது உகந்தது?

இரத்தோட்டைப் பெற்றோரே, வருங்கால மருமகளுக்கு மோதிரம் வாங்கப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

1981ல் டயானா அணிந்த நிச்சயதார்த்த மோதிரத்தில் இருந்தது நம் இலங்கை நீலக்கல். அதைச் சுற்றி 14 வைரங்கள். அம்மாதிரி இன்றும் பலரைக் கவர்கிறது. ஆனால் உயர்த்திப் பதித்த கல் கொழுந்து பறிக்கும் கைக்கு ஒத்துவராது. செடியில் மாட்டும், கல் கழன்றுவிடும். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு கட்டியதோ, கல்லில்லா வளையமோ போதும். 22 காரட் தங்கம் மிருதுவானது. கல் பதிக்க 18 காரட்டே உறுதி.

இன்னொன்று. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 1062ஆம் பிரிவு, நிச்சயதார்த்தத்தைக் காட்டித் திருமணத்தைக் கோரும் உரிமை எவருக்கும் இல்லை என்கிறது. மோதிரத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆகவே, "மோதிரம் போட்டாயிற்றே" என்று சொல்லி, மனமில்லாத பெண்ணைப் பீடத்தின் முன் நிறுத்தாதீர்கள்.