முட்டை ஓடு எண்ணெயை டீசலாக்குமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

வண்டியூர்ப் பக்கத்து ராத்திரிக் கடைகளில், கொத்துப் பரோட்டாக் கல்லைச் சுற்றி இரண்டு கழிவுகள் சேர்கின்றன: முட்டை ஓடு, பொரித்துக் கறுத்த எண்ணெய். இரண்டையும் சேர்த்துப் பயோடீசல் எடுக்க முடியும் என்பது உண்மை. அதைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகள்தாம் வழிமாற்றுகின்றன.

நம்பிக்கை: ஓட்டைப் பொடித்துப் போட்டால் போதும்.

உண்மை: ஓட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். அது அப்படியே உதவாது. 800 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட வேண்டும். 100 கிராம் கார்பனேட்டிலிருந்து கரியமில வாயு வெளியேறி 56 கிராம் கால்சியம் ஆக்சைடு மிஞ்சும்; காளவாசலில் கிளிஞ்சலைச் சுட்டு எடுக்கும் அதே சுட்ட சுண்ணாம்பு. எண்ணெயோடு வினைபுரிவது மெத்தனால்தான், சுண்ணாம்பு அதை முடுக்கிவிடும் வினையூக்கி. கிளிசரின் அடியில் இறங்க, மேலே நிற்பது பயோடீசல். சுட்ட பொடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து வீரியம் இழக்கும்.

நம்பிக்கை: எவ்வளவு பழைய எண்ணெயும் சரி.

உண்மை: திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடிவிடும். சுண்ணாம்பு அதோடு சேர்ந்து சோப்பாகும், கிளிசரின் பிரியாது. அமில அளவைப் பார்த்து, கூடுதலாக இருந்தால் கந்தக அமிலத்தின் துணையோடு மெத்தனால் சேர்த்து முதலில் அதைக் குறைக்க வேண்டும்.

நம்பிக்கை: ஒருமுறை நல்ல விளைச்சல் வந்தால் வினையூக்கி தேறிவிட்டது.

உண்மை: ஆய்வின் உயிரே இதற்கு அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. 2009இல் சீன ஆய்வாளர்கள், சுட்ட முட்டை ஓட்டைச் சோயா எண்ணெயில் 13 முறை வரை திரும்பப் பயன்படுத்த முடிந்ததாக எழுதினார்கள். அது தெளிந்த எண்ணெய். கடை எண்ணெயில் எத்தனை முறை தாங்கும் என்பதைத் தனியே சோதித்தாக வேண்டும். கால்சியம் கரைந்து எரிபொருளுக்குள் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 15607, கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. அதில் தோற்றால் விளைச்சல் எவ்வளவு வந்தும் பயனில்லை.

நம்பிக்கை: ஓடு இலவசம், ஆகவே டீசல் மலிவு.

உண்மை: செலவில் பெரும்பங்கு எண்ணெய்க்கே போகிறது. ஓட்டைச் சுடவும் எரிபொருள் வேண்டும்.

வீட்டில் யாரும் இதை முயல வேண்டாம். மெத்தனால் பார்வையைப் பறிக்கும் நஞ்சு, எளிதில் தீப்பிடிக்கும். கடைக்காரர்களே, எண்ணெய் கெடக் கெடக் கூடும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி பொரிக்கக் கூடாது என்பது 2018 முதல் சட்டம். அந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், பயன்படுத்திய எண்ணெயைப் பயோடீசலாக்க உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம் நடத்தும் ரூக்கோ திட்டத்தில் சேர்ந்த கொள்முதலாளர்களிடம் கொடுங்கள்.