சிறு டிராக்டருக்கு ஏற்ற சுழற்கலப்பை

பெங்களூர்ச் சுற்றுப்புறத்துச் செம்மண் நிலங்களில் கேழ்வரகு பயிரிடுவோர், சிறு டிராக்டரின் பின்னே பொருத்தும் சுழற்கலப்பையை வாங்குமுன் அதன் அகலத்தை அளந்து பார்த்தல் வேண்டும். பின்சக்கரங்களின் வெளிவிளிம்பை எட்டாத கலப்பை, சக்கரத்தடத்தை அழிக்காது விட்டுவிடும். மிக அகன்றதாயின் எஞ்சின் திணறும். அந்நிலையில், குறுகியதை ஒருபக்கமாகத் தள்ளிப் பொருத்தினால் ஒரு தடமேனும் மறையும்.

மண்ணை மாவாக்குவதே நல்ல உழவு எனப் பலர் எண்ணுகின்றனர், இது பிழை. பொடியான செம்மண் மழைக்குப்பின் காய்ந்து ஓடுபோல் இறுகும். கேழ்வரகின் மெல்லிய முளை அதனைப் பிளந்து வெளிவருதல் அரிது. ஆதலின், கத்திகளின் சுழற்சியைக் குறைக்கும் பற்சக்கர அமைப்பு உள்ளதே தக்கது.

சக்தி தரும் பின்தண்டு வழக்கமாக நிமிடத்திற்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று, சுழல்வது. விலை மலிவென்று காப்புமூடி இல்லாததை வாங்கலாகாது. வேட்டி நுனி சிக்கினால், எஞ்சினை நிறுத்தவும் அவகாசம் கிட்டாது.